முன்னூற்றுப் பதின்மூன்றாம் சான்று

என் அம்மாவை ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, ரசீது வாங்கிக்கொண்டு, நானே ஒப்படைத்தேன். அதற்காக யார் என்னைத் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று, அந்தக் குமாஸ்தா பேசிய பேச்சைக் கேட்டிருந்தால், நீங்களும் உங்கள் அம்மாவை ஒப்படைத்துவிட்டு, ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள்.

'அமர்ந்திருப்பவள்' ஓவியத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. பிஸ்கட் டப்பா, காலண்டர், குடை, சோப்பு உறை என்று அந்த முகம் போகாத இடம் கிடையாது. வாயின் ஓர் ஓரத்தில் மட்டும் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று. உட்கார்ந்திருப்பது யார் என்று அறுபது வருடமாக யாருக்கும் தெரியாது. வரைந்தவர் சொல்லாமலே செத்துப்போனார். அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஓவிய மாளிகையின் பின்பக்கத்தில் நான்கு மாடிகளுக்கு ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நூற்று நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். நாற்பது வருடமாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அது என் அம்மா.

எனக்கே இது லேட்டாகத்தான் தெரிந்தது. நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அவளுக்குக் கண் மங்கலாகிவிட்டதால் காலையில் கடைக்குப் போகும் முன் செய்தித்தாளைப் படித்துக் காட்டுவேன். அன்றைக்கு ஏழாம் பக்கத்தில் நிறுவனத்தின் அறிவிப்பு ஒன்று வந்திருந்தது. 'அமர்ந்திருப்பவளின் கைகள் முழுக்கக் கற்பனை. இடது கைச் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும் விதம் உயிருள்ள எந்த மனிதக் கைக்கும் பொருந்தாது. அப்படி ஒரு கை உலகில் இருந்ததே இல்லை.'

அம்மா கைத்தடவலிலேயே சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கீழே வைத்தாள்.

"யாருடா சொன்னது? அது எங்க அக்கா கை."

பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மாடியில் குடியிருந்த ஓவியர், ஜன்னலோரம் கொஞ்சம் உட்காரச் சொல்லியிருக்கிறார். நான்கு நாள் காலையில் அம்மா உட்கார்ந்தாள். மதியம் அவளுக்குப் பட்டன் தொழிற்சாலையில் ஷிஃப்ட். போகாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். ஓவியருக்கோ வெளிச்சம் போவதற்குள் கைகளை முடித்தாக வேண்டும். அதனால் நான்கு மதியமும் என் பெரியம்மா அதே நாற்காலியில், அதே நீலச் சட்டையில் உட்கார்ந்தாள். எட்டு வயதில் சமையலறைக் கதவில் நசுங்கிய சுண்டுவிரலோடு. அடுத்த வருடம் ஒரு காய்ச்சலில் பெரியம்மா போய்விட்டாள். அவளை யாரும் புகைப்படம் எடுத்ததில்லை.

"அப்ப அந்தச் சிரிப்பு?" என்று கேட்டேன்.

"சிரிப்பெல்லாம் இல்ல. கடைவாய்ப் பல்லு வலி. கிராம்பை அடக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"அறுபது வருஷமா ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டா? என் மூஞ்சியை எங்க வேணா ஒட்டிக்கட்டும். அக்காவோட கையை இல்லாத கைன்னு எழுதினா எப்படிடா சும்மா இருக்கறது? அவளுக்குன்னு இந்த உலகத்துல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். படத்துக்குக் கீழ அவ பேரை எழுதச் சொல்லணும். வா, மதியத்துக்குள்ள வந்துடலாம்."

மதியத்துக்குள் வந்துவிடலாம் என்றுதான் நானும் கடைக் கதவில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் தளத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. பின்னால் குமாஸ்தா. சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"எங்க அம்மாவை."

"வகை? கடிதமா, துணியா, மரச்சாமானா, மற்றவையா?"

நான் அம்மாவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தேன். "மற்றவை" என்றேன். அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு அது.

அவர் ஒரு பெரிய பதிவேட்டில் எழுதினார். பெயர் என்ற கட்டத்தில் கோடு போட்டார். பெயர் எழுதவில்லையே என்று கேட்டேன்.

"எழுதக்கூடாதுங்க. பேரைக் கண்டுபிடிக்கறதுக்குத்தான் நிறுவனமே இருக்கு. முதல்லயே எழுதிட்டா ஆய்வு ஒரு பக்கமா சாய்ஞ்சிடும்."

"என் பேரையாவது எழுதிக்குங்க."

"உங்க பேரை வச்சு அவங்க பேரைக் கண்டுபிடிச்சிடலாமே."

"விலாசம்?"

"அதுவும் அப்படித்தான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது.

ரசீது கொடுத்தார். 'சான்று எண் 313. பொருள்: பெண், பழையது. நிலை: லேசான தேய்மானம்.' அதே எண்ணை எழுதிய ஓர் அட்டையை நூலில் கோத்து அம்மாவின் மணிக்கட்டில் கட்டினார். இறுக்கமாக இருக்கிறதா என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

"எப்ப கூட்டிட்டுப் போகலாம்?"

"ஆய்வு முடிஞ்சதும்."

"அது எப்ப முடியும்?"

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, "சார் எப்ப முடியும்னு கேக்கறாரு" என்றார். அந்த மனிதரும் எட்டி என்னைப் பார்த்தார். "முன்னாடி வந்த முன்னூத்திப் பன்னிரண்டும் உள்ளதாங்க இருக்கு" என்றார் குமாஸ்தா. அதற்குள் வெள்ளை அங்கி போட்ட ஓர் அம்மாள் வந்து என் அம்மாவை லிஃப்ட்டில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் மாடியில் சான்று அறை. என் தொழில் புத்தி, முதலில் கதவைத்தான் பார்த்தேன். அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. தாழ்ப்பாள்கூட இல்லை. 'கையொப்பமின்றித் திறக்கக்கூடாது' என்று ஒரு பலகை மட்டும் தொங்கியது. முப்பது வருடமாகப் பூட்டோடு மாரடித்தவன் நான். இரும்புப் பெட்டிப் பூட்டை இருபது நிமிடத்தில் திறப்பேன். அந்தப் பலகையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே மங்கலான விளக்கு. எலும்புக்குள் இறங்கும் குளிர். அலமாரிகளில் கடிதக் கட்டுகள், ஒரு தொப்பி, பாதி நாற்காலி, காலியான கிளிக்கூண்டு. தொப்பிக்கும் நாற்காலிக்கும் நடுவில், ஒரு பஞ்சு மெத்தைத் துண்டின்மேல் அம்மா. எனக்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். வெறும் கையால் சான்றைத் தொட்டால் வியர்வை படுமாம்.

"குளிருதுடா" என்றாள் அம்மா.

என் கோட்டைக் கழற்றினேன். அங்கிக்கார அம்மாள் தடுத்தாள். "வெளிப்பொருள் சேர்க்கக்கூடாது. சான்று மாசுபட்டுடும். பதினெட்டு டிகிரிதான் பழைய பொருளுக்கு நல்லது."

"சாப்பாடு கொண்டு வந்திருக்கேன்."

"சாப்பாடா? பூச்சி வந்து அரிச்சா யாரு பதில் சொல்றது?"

கடைசியில், 'பராமரிப்பு நிமித்தம் தற்காலிக வெளியேற்றம்' என்ற படிவத்தைப் பூர்த்தி செய்தால் நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு இருபது நிமிடம், அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்து அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்று வழி பிறந்தது. மற்ற முன்னூற்றுப் பன்னிரண்டுக்கும் இல்லாத சலுகை இது என்று அவள் சொல்லிக்காட்டினாள்.

மறுநாள் ஆய்வு தொடங்கியது. நிறுவனத்தில் இரண்டு பெரிய பிரிவுகள். ஒன்று முகப்பிரிவு, ஒன்று கைப்பிரிவு. இரண்டுக்கும் இடையே பதினெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. லிஃப்ட்டில்கூடச் சேர்ந்து ஏறமாட்டார்கள்.

முகப்பிரிவுத் தலைவர் ஒல்லியாக, சோகமாக இருந்தார். அம்மாவின் தாடையை, நெற்றியை, காது மடலை அளந்தார். ஒவ்வொரு அளவைச் சொல்லும்போதும் உதவியாளர் அதை எழுதி, ஓவியத்தின் அளவுப் பட்டியலோடு இரண்டு தடவை சரிபார்த்தார். எல்லாம் ஓவியத்தோடு அப்படியே பொருந்தின. பிறகு தலைவர், "கொஞ்சம் அந்தச் சிரிப்பைச் சிரிங்க" என்றார். அம்மா பல்வலியைச் சொன்னாள். கிராம்பையும் சொன்னாள்.

தலைவர் அளவுநாடாவைச் சுருட்டினார். "அம்மா, அந்தச் சிரிப்பைப் பத்தி நான் மூணு புத்தகம் எழுதியிருக்கேன். முதல்ல அது துக்கம்னு எழுதினேன். அப்புறம் காதல்னு எழுதினேன். போன வருஷம்தான் வெறுமைன்னு முடிச்சேன். இப்ப வந்து பல்லுன்னு சொன்னா எப்படி?"

"வலிச்சுதுப்பா" என்றாள் அம்மா.

அவர் குறிப்பில் எழுதியதை நான் எட்டிப் படித்தேன். 'சான்றுக்கு ஓவியத்தைப் பற்றிய புரிதல் போதவில்லை.'

கைப்பிரிவுத் தலைவி வந்தாள். பருமனான, சுறுசுறுப்பான அம்மாள். அம்மாவின் விரல்களை விரித்துப் பார்த்து, "எல்லாம் நேரா இருக்கு. பொருந்தல" என்றாள்.

"அது என் கை இல்லம்மா. எங்க அக்காவோடது."

"அப்ப அக்காவைக் கொண்டு வாங்க."

"அவ செத்து ஐம்பத்தொன்பது வருஷம் ஆச்சு."

"அப்ப கை இல்லை. நாங்களும் அதைத்தானே எழுதினோம்" என்று சொல்லிவிட்டு, தன் கட்சி ஜெயித்த திருப்தியோடு அவள் போனாள். அம்மா வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய அறை. தேநீர்க் கோப்பையில் அம்மா, கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் அம்மா, மேஜை விளக்கில் அம்மா. இயக்குநர் மிக நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்றார்.

"உக்காருங்க தம்பி. உங்க அம்மா சொல்றது உண்மைன்னு எனக்கு முதல் நாளே தெரியும். லிஃப்ட்டுல பார்த்தேன். அந்தக் காது போதும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப பெரியம்மா பேரை எழுதிடுவீங்களா சார்?"

"அவசரப்படாதீங்க. உண்மைங்கறது வேற, முடிவுங்கறது வேற. வருஷத்துக்கு இருபது லட்சம் பேர் அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு 'யாரா இருக்கும்'னு யோசிக்கறாங்க. ஒரு நிமிஷமாவது யோசிக்கறாங்க. அதுதான் கலை. நாளைக்கு நான் அங்க போய், 'பட்டன் செய்யற பொண்ணு, பல்வலி, கை மட்டும் அக்காவோடது'ன்னு பலகை வச்சா யாரு நிப்பாங்க? நூத்தி நாப்பது குடும்பம் இந்தக் கேள்வியை நம்பி இருக்கு. இந்த நாற்காலியில எனக்கு முன்னாடி என் மாமனார் இருந்தார். அவர் எனக்கு விட்டுட்டுப் போனது ஒரு கேள்வியை. அதுக்குப் பதிலைச் சேர்த்து நான் என் மருமகன்கிட்டக் குடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

நான் சொன்னேன். "அப்ப எங்கம்மாவை விட்டுடுங்க சார். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டோம்."

அவர் முகம் வாடிவிட்டது. "விடறதா? இத்தனை வருஷத்துல வந்த ஒரே உண்மையான சான்றை வெளிய அனுப்பினா நாளைக்கு என்னை யாரு மன்னிப்பாங்க? நாங்க ஆய்வு நிறுவனம் தம்பி. எங்களுக்கும் மனசாட்சி இருக்கு." வாசல் வரை வந்து என்னை வழியனுப்பினார். அந்தத் தேநீர் நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் அதற்குள் இரும ஆரம்பித்திருந்தாள். அங்கிக்கார அம்மாள் பதிவேட்டில், '313இல் இருமல் போன்ற ஒலி. அறையின் ஈரப்பதத்தைக் குறைக்கவும்' என்று எழுதியிருந்தாள். குறைத்தும் இருந்தார்கள். அம்மாவுக்கு நாக்கு வறண்டு இருமல் கூடியது.

ஆறாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறங்கினேன். கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. பூட்டே இல்லாத கட்டடத்தில் யார் தடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். வாசலில் காவலாளி, அம்மாவின் மணிக்கட்டு அட்டையைப் பார்த்தார்.

"பொருள் வெளிய போகணும்னா வெளியேற்றச் சீட்டு வேணும்."

"பொருள் இல்லய்யா. எங்கம்மா."

அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "உள்ள வரும்போது 'மற்றவை'ன்னுதானே சொல்லியிருக்கீங்க."

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. நிதானமாக ஓர் அறிக்கை எழுதினார். 'சான்று 313 வாசலில் கண்டெடுக்கப்பட்டது. அதனுடன் ஓர் ஆண் ஒட்டிய நிலையில் இருந்தார்.' நாங்கள் கை கோத்திருந்ததைத்தான் அப்படி எழுதினார். சான்றோடு ஒட்டிய எதையும் நிபுணர் இல்லாமல் பிரிக்கக்கூடாது என்பது விதியாம். அரை மணி நேரத்தில் என் மணிக்கட்டிலும் ஓர் அட்டை ஏறியது. 313-அ. இணைப்பு.

இப்படியாக நானும் தொப்பிக்கும் நாற்காலிக்கும் நடுவில் உட்கார்ந்தேன். பிரிக்கும் நிபுணர் விடுப்பில் இருந்தார். நாங்கள் இருவரும் ஒரே மெத்தைத் துண்டில், முதுகோடு முதுகு ஒட்டி, குளிருக்கு அடக்கமாக உட்கார்ந்திருந்தோம். ஒரு புகைப்படக்காரர் வந்து அம்மாவை மட்டும் பதினாறு கோணத்தில் எடுத்தார். என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். அம்மாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மருத்துவரைக் கூப்பிடச் சொன்னேன். மரச்சாமானுக்கு மெருகேற்றுகிறவரை அனுப்பினார்கள். அவர் நல்லவர், வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. அந்த அறையில் அழுதால் அதையும் எழுதிக்கொள்வார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

பதினோராம் நாள் குமாஸ்தா வந்தார். கீழே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர், இரண்டு பேனாக்காரர். அம்மாவின் இருமல் லிஃப்ட் வழியாக அவர் தளம் வரைக்கும் கேட்கிறதாம். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஒரு வழி இருக்குங்க. உண்மையான சான்றைத்தான் விடமாட்டாங்க. பொய்ச் சான்றுன்னா அன்னைக்கே வெளிய அனுப்பிடுவாங்க, வைக்க இடம் கிடையாது. பொய்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா போதும்."

படிவத்தை நீட்டினார். இரண்டே வரி. இரண்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து.

'ஓவியத்தில் உள்ள முகம் என்னுடையது அல்ல.'

'ஓவியத்தில் உள்ள கைகள் நான் அறிந்த எவருடையதும் அல்ல.'

நான் படித்துக் காட்டினேன். முதல் வரிக்கு அம்மா யோசிக்கவே இல்லை. விரல் வைத்து இடத்தைக் காட்டச் சொல்லி, கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது வரியில் பேனா நின்றது.

"இந்த ஒண்ணு போதாதாப்பா?" என்று குமாஸ்தாவைக் கேட்டாள்.

"ரெண்டும் வேணும்மா." அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அம்மா பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். "எனக்கு வேலை போயிடக்கூடாதுன்னுதான் அவ உட்கார்ந்தா. நாலு மதியம். அசையாம. எனக்காக" என்றாள். பிறகு ஓர் இருமல் வந்து அவளை உலுக்கியது. அது நின்றதும் கையை நீட்டி என் மணிக்கட்டு அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, வேண்டாம்னா விடு. இருந்துக்கலாம்" என்றேன். அதை நான் மனசாரச் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த பத்து நிமிடத்தில் அட்டைகளை வெட்டினார்கள். பொய்ச் சான்று வெளியே போகும்போது முத்திரை குத்த வேண்டுமாம். அம்மாவின் மணிக்கட்டில் ஊதா மையில் 'பொய்' என்று குத்தினார்கள். இணைப்புக்கு முத்திரை தேவையில்லை என்று எனக்குக் குத்தவில்லை. பொய்ச் சான்றுகளை அனுப்புவது ஓவியக் கூடத்தின் வழியாகத்தான். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிறு வரை போனோம். ஒரு வழிகாட்டி, இந்தச் சிரிப்பின் பொருளை மனிதகுலம் ஒருநாளும் அறியப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். கயிற்றைத் தாண்டக்கூடாது என்றார்கள். அவள் கண்ணுக்கு அங்கே ஒரு நீலக் கறைதான் தெரிந்திருக்கும்.

"சுண்டுவிரல் தெரியுதாடா?"

"தெரியுதும்மா. உள்பக்கமா வளைஞ்சிருக்கு."

"சரி. வா, போகலாம்."

அந்த ஊதா மை போக மூன்று வாரம் ஆனது. அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்தாள், எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். பிறகு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். இருமல் மட்டும் போகவே இல்லை.

மூன்று மாதம் கழித்து ஏழாம் பக்கத்தில் மறுபடி ஓர் அறிவிப்பு. அதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. 'ஓவியத்தோடு இத்தனை பொருந்திய ஒரு முகம் நிறுவனத்தின் வரலாற்றிலேயே வந்ததில்லை. பதினோரு நாள் தங்கி, தான் அவள் இல்லை என்று கையெழுத்திட்டு மறைந்த அந்த மூதாட்டி யார்? பதிவேட்டில் பெயர் இல்லை. விலாசம் இல்லை. இந்தப் புதிய மர்மத்தை ஆராய மூதாட்டிப் பிரிவு தொடங்கப்படுகிறது. முப்பத்தைந்து பணியிடங்கள்.' கூடவே அம்மாவின் படம். அடுத்த மாதம் அது பிஸ்கட் டப்பாவிலும் வந்துவிட்டது.

அறிவிப்பு வந்த அன்றைக்கே எங்கள் வீட்டுக் கதவின் உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளாக இரண்டு போட்டேன். அம்மாவை வெளியே கூட்டிப்போவதை நிறுத்தினேன். ஜன்னலோரம் உட்காராதே என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

போன வாரம் கதவைத் தட்டினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர், கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு. தெருத் தெருவாக விசாரிக்கிறார்களாம். ஒரு புகைப்படத்தை நீட்டினார்கள்.

"இவங்களை எங்கயாவது பார்த்திருக்கீங்களா சார்?"

மெத்தைத் துண்டின்மேல் அம்மா. கைகளை மடியில் வைத்திருந்தாள். இடது கைச் சுண்டுவிரலை வலது கையால் உள்பக்கமாக மடக்கிப் பிடித்திருந்தாள். நான் அவள் பக்கத்திலேயே இருந்தும் அதை அன்றைக்குக் கவனிக்கவில்லை.

"இல்லைங்க" என்றேன்.

உள் அறையில் அம்மா இருமலை அடக்கிக்கொள்வது எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கேட்கவில்லை. ஒருவர் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். தெரியாது என்று சொல்கிறவர்களும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'படத்தில் உள்ளவர் நான் அறிந்த எவரும் அல்ல.'

பேனாவை வாங்கினேன். அந்த இரண்டாவது வரியில் அம்மா ஏன் அவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன்.